கொட்டாஞ்சேனை வாசலிலிருந்து கல்கிசை மேசை வரை

ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை.
09.09.2025

ஸவாஹிர் நானாவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை, மன்னியுங்கள். பன்னிரண்டு வருடமாக உங்களோடு கதைக்க வேண்டுமென்றால் போனை எடுத்து "நானா" என்றால் போதும். இப்போது நமக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. எந்த அறிவித்தலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும், கையிலோ பதிவுத் தபாலிலோ கொடுக்க வேண்டும், போனும் வட்ஸ்அப்பும் செல்லாது என்று அதன் பதினோராம் பிரிவு சொல்கிறது. நேற்று நீங்கள் போனில் கத்திய பிறகு எனக்கும் அதுதான் வசதியாகப் படுகிறது.

"என்ன பெரிசா நடந்த?" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கல்கிசை மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கேக்கில் கத்தியை வைத்ததும் மேலே இருந்த மூன்று தட்டும் சரிந்தன. மாப்பிள்ளையின் தம்பி டிலான் பாய்ந்து ஒன்றைப் பிடித்துவிட்டான். மற்ற இரண்டும் தரையில் கிடந்தன. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பெண்ணின் தாய் அழுததை வீடியோவில் பார்த்தேன். என் ஐசிங் ரோஜாக்களை ஆட்கள் மிதித்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். அந்த ரோஜாக்களைச் செய்ய எனக்கு நாலு நாள் பிடித்தது.

என் மருமகன் மெல்ரோய் எழுதித் தந்த ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். 'ஸ்ட்ரக்சர் என்பது ரெஜிபோம் என்ற இலேசான நுரைப்பலகையில் செய்து ஐசிங் பூசி வாடகைக்குக் கொடுக்கும் ஆறு தட்டு அலங்காரம்; மணமக்கள் வெட்டும் அடித்தட்டில் மட்டும் உண்மையான கேக்' என்கிறது முதலாம் பிரிவு. ஆறாம் பிரிவின்படி, கொட்டாஞ்சேனை வாசலைத் தாண்டியதிலிருந்து மண்டபத்து மேசையில் வைக்கும் வரை ஏற்படும் சேதம் வேன்காரரின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. என் வாசலைத் தாண்டும்போது ஆறு தட்டும் நிமிர்ந்து நின்றன. அதற்கு ஜம்பட்டா வீதி முழுவதும் சாட்சி.

மண்டபத்திலிருந்து துஷாந்தினி மிஸ் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். இந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். முப்பதாம் திகதிக்குள் அது போகாவிட்டால் அவர்களுடைய கேக்காரர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். டிசம்பரில் எனக்கு ஏழு கல்யாணம், ஏழும் அந்த மண்டபத்தில். அது போனால் நான் பிறந்தநாள் கேக் செய்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆகவே உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மெல்ரோய் வந்து வாங்குவான்.

பேர்ணடெற்

ஹம்டன் லேன்,
வெள்ளவத்தை.
12.09.2025

அன்புள்ள பேர்ணடெற் தங்கச்சிக்கு,

நான் அன்புள்ள என்றே தொடங்குகிறேன். அதைத் தடுக்கும் பிரிவு எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஜும்ஆ முடிந்து வந்து, சோறு தின்று, கண்ணாடியைத் தேடியெடுத்து நானும் ஒப்பந்தத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். உங்கள் மருமகன் கப்பல் சரக்குக் கந்தோரில் வேலை செய்கிறார் என்று தெரியும். அங்கிருந்த ஒரு கப்பல் ஒப்பந்தத்தை எடுத்து, 'கொள்கலன்' என்றிருந்த இடத்தில் 'கேக்' என்று போட்டிருக்கிறார் என்பது தெரியாது. ஒன்பதாம் பிரிவில் போர், புயல், கடற்கொள்ளையர் இவற்றால் ஏற்படும் சேதத்துக்கு நான் பொறுப்பில்லையாம். அல்ஹம்துலில்லாஹ். பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது கடற்கொள்ளையர் வந்தால் பயப்பட மாட்டேன்.

இனி உங்கள் ஆறாம் பிரிவு. மேசையில் வைக்கும் வரைதான் என் பொறுப்பு. மூன்று மணிக்கு மேசையில் வைத்தேன். மண்டபத்தில் பொருட்களைப் பொறுப்பேற்கும் ஸ்ரான்லி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். விழுந்தது ஏழு மணிக்கு. நடுவில் நாலு மணித்தியாலம். அந்த நேரம் அது யாருடைய பொறுப்பு என்று உங்கள் ஒப்பந்தத்தையே கேட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு மனசில் குத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக வேனின் பின்னால் குட்டி ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையாலும் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். குழி வந்தால் தகரத்தில் தட்டி, "நானா, மெதுவா! இது மணல் மூட்டையில்ல!" என்று கத்துவீர்கள். இந்த வருடம் மண்டபம் எல்லாரிடமும் இன்ஷூரன்ஸ் கேட்டதால் நாமும் எடுத்தோம். சாமான் ஏற்றும் இடத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. சரி. "முன் சீட்டில வாங்கொ தங்கச்சி" என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பொறுப்பு இனி உங்கட, நான் ஏன் வரோணும்?" என்று வாசலில் நின்று டாட்டா காட்டினீர்கள். காலி வீதி முழுவதும் பின்னால் தட்டும் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருந்தது.

படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். பன்னிரண்டு வருடத்தில் என் வேனில் ஒரு ரோஜாவின் இதழ்கூட உடைந்ததில்லை. அந்தப் பெயரை ஒரு கோட்டில் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

என் வீட்டுக்காரி ஜெஸீமா வட்டிலப்பம் தருகிறாள். அது ஒப்பந்தத்தில் சேராது.

ஸவாஹிர்

கொட்டாஞ்சேனை
16.09.2025

ஸவாஹிர் நானாவுக்கு,

வட்டிலப்பம் நன்றாக இருந்தது என்று ஜெஸீமாவிடம் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொல்கிறேன். பாத்திரத்தை வெறுமையாக அனுப்பும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதால் லவ் கேக் வைத்திருக்கிறேன். கோபம் கோபம்தான்.

நேற்று இன்ஷூரன்ஸ் ஜீவராஜைக் கூப்பிட்டு இரண்டு பத்திரத்தையும் மேசையில் விரித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அக்கா, நானாவின்ர இன்ஷூரன்ஸ் வேன் எங்கயாவது அடிபட்டாத்தான். உங்கட இன்ஷூரன்ஸ் உங்கட வீட்டுக்குள்ள நடந்தாத்தான். மண்டபத்து மேசையில நிண்டு தானா விழுந்ததுக்கு ரெண்டிலயும் இடமில்லை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டணம் கட்டி இரண்டு குடை வாங்கியிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி பார்த்துக் கேக் விழுந்திருக்கிறது.

பெண் வீட்டாருக்கு வாடகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெண் போனில் நன்றாகவே கதைத்தாள். "ஆன்ட்டி, எல்லாற்ற வீடியோவையும் விட எங்கட வீடியோதான் ஆக்கள் கூடப் பாத்திருக்கினம்" என்றாள். அவளுக்குக் கோபமில்லை. ஆனால் துஷாந்தினி மிஸ்ஸுக்கு வேண்டியது படிவம். இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன். மேசையில் வைத்தபோது அது நேராக நின்றதா? ஓம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள். உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள்.

பேர்ணடெற்

வெள்ளவத்தை
19.09.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

லவ் கேக் கிடைத்தது. மகள் ஷிம்னா பாதியைத் தின்றுவிட்டாள்.

மேசையில் வைத்தேன். நின்றது. ஸ்ரான்லி கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் எழுதலாம்.

டிசம்பருக்கு வேறு வேன் பார்த்துக்கொள்வது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். கொம்பனித்தெருவில் இப்திகார் புதிய வேன் எடுத்திருக்கிறான். ஏஸி இருக்கிறது, ஐசிங் உருகாது. என் வேனில் அது இல்லை என்று நீங்களே பல தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

ஸவாஹிர்

கொட்டாஞ்சேனை
24.09.2025

அன்புள்ள நானா,

அன்புள்ள என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அழுதேன். ஏஸி வேனாம், இப்திகாராம். எனக்கு யார் வேண்டும் என்று நீங்கள் எப்படித் தீர்மானிக்கலாம்? அந்தக் கோபத்திலேயே, மண்டபத்திலிருந்து பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்த ஸ்ட்ரக்சரை உடைத்து எறிவோம் என்று வெளியே எடுத்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

ஆறு தட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கம்பி மேலிருந்து கீழே போகும். உங்களுக்குத் தெரியும். அது அடிப்பலகைக்குக் கீழே ஒரு நட்டில் இறுகி நிற்கும். உங்களுக்குத் தெரியாதது இதுதான். ஓட்டத்தில் வேன் ஆடும்போது அந்த நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒவ்வொரு தடவையும் மண்டபத்து வாசலில் வேன் நின்றதும், இறக்குவதற்கு முன்னால், என் கைப்பையில் இருக்கும் சின்ன ஸ்பானரை எடுத்துக் குனிந்து இரண்டு சுற்று இறுக்குவேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவது போல, யோசிக்காமல் செய்கிற வேலை. அதனால் யாரிடமும் சொன்னதில்லை. மெல்ரோய் ஒப்பந்தம் எழுதும்போது, "ஆன்ட்டி, மண்டபத்துக்குப் போய் நீங்க என்ன செய்வீங்கள்?" என்று கேட்டான். "ஒண்டும் இல்லை, பாத்துக்கொண்டு நிப்பன்" என்றேன்.

பெட்டிக்குள் இருந்த நட்டு கம்பியின் கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பானர் என் கைப்பையில் இருந்தது. அன்று முழுவதும் அந்தப் பை என் வீட்டு ஆணியில் தொங்கியது, நானும் வீட்டிலேயே இருந்தேன். வாசலைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்ட அன்றே என் கை அந்த நட்டை மறந்துவிட்டது. உங்கள் வேனில் இதழ்கூட உடையவில்லை என்பது உண்மை. நான் பேசியதெல்லாம் அநியாயம். வெட்கமாக இருக்கிறது நானா.

மண்டபத்து விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இப்திகாரின் இலக்கத்தை எனக்கு அனுப்பவும் வேண்டாம்.

பேர்ணடெற்

வெள்ளவத்தை
27.09.2025

அன்புள்ள பேர்ணடெற் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை ஜெஸீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நட்டைப் பற்றிய இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். "ஏன்?" என்றாள். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

தங்கச்சி, நீங்கள் குனிந்து துஆ கேட்கிறீர்கள் என்றல்லவா நான் பன்னிரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்! வேன் நின்றதும் நீங்கள் தலையைக் குனிவீர்கள், உதடு முணுமுணுக்கும். அந்தோனியாரிடம் ஏதோ கேட்கிறார், இடைஞ்சல் செய்யக் கூடாது என்று நான் மரியாதையாகத் திரும்பி வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை மழையில்கூட அப்படித்தான் நின்றேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் ஸ்பானரைக் கண்டிருப்பேன்.

இப்போது என் முறை. ஓம் அல்லது இல்லை என்று கேட்டீர்கள், நான் சுற்றி வளைத்து எழுதினேன். பதில் இல்லை. மேசையில் வைத்தபோது அது நேராக நிற்கவில்லை. மேல்தட்டு ஒரு விரல் அளவு கடல் பக்கம் சாய்ந்திருந்தது. "என்ன இது, ஒரு ஆட்டம் ஈக்கே" என்று என் வாயாலேயே சொன்னேன். பழைய நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே உங்களைக் கூப்பிட்டிருப்பேன். அன்று என்ன நினைத்தேன் தெரியுமா? மேசையில் வைத்தாகிவிட்டது, இனி என் பொறுப்பில்லை, அஸருக்கு நேரமாகிறது. ஸ்ரான்லியிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று தொழும்போது மனசு அந்த ஒரு விரல் சாய்விலேயே நின்றது.

இதை உங்களிடம் சொல்ல முடியாமல்தான் வேறு வேன் பாருங்கள் என்று எழுதினேன். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டேன். பன்னிரண்டு வருடம் வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கேக் நம் இருவருடையதுமாக இருந்தது. எது யாருடையது என்று எழுதிய அன்றைக்கு, நடுவழியில் அது யாருமற்றதாகிவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மண்டபத்து விஷயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் நேற்றே முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

ஸவாஹிர்

கொட்டாஞ்சேனை
30.09.2025

அன்புள்ள நானா,

எப்படி என்று கேட்கத் தேவையில்லை. துஷாந்தினி மிஸ் இன்று காலை போன் எடுத்தார்.

"ஆன்ட்டி, என்ன விளையாட்டு இது? வெள்ளிக்கிழமை உங்கட கடிதம் வந்தது, முழுப் பொறுப்பும் நான்தான் எண்டு. அதே நாள் ஸவாஹிர் நானா நேர வந்து ஒரு கடிதம் தந்தார், முழுப் பொறுப்பும் அவர்தானாம். முதல்ல ரெண்டு பேரும் 'நானில்லை, நானில்லை' எண்டீங்கள். இப்ப ரெண்டு பேரும் 'நான்தான், நான்தான்' எண்டுறீங்கள். எனக்கு இந்த ஃபோர்மில ஒரு கோடுதான் இருக்கு. ஒரு கோட்டில ஒரு ஆளைத்தான் எழுதலாம்."

"மிஸ், அந்தக் கோடு எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "சனிக்கிழமைக்கு முதல் அனுப்புங்கோ, நான் பாக்கிறன்" என்றார்.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். என் கையெழுத்து எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். கேக்கில் பெயர் எழுதிப் பழகிய கை. ஆனாலும் சுருக்கிச் சுருக்கிக் கோட்டின் பாதியோடு நிறுத்தியிருக்கிறேன். மற்றப் பாதி உங்களுக்கு.

நேற்றிரவு மெல்ரோயை உட்காரவைத்து ஒப்பந்தத்தைத் திருத்தினோம். கிழித்துப் போடுவோமா என்று கேட்டேன். "கிழிச்சா மட்டும் நட்டு இறுகுமா ஆன்ட்டி?" என்றான். அவன் சொல்வதும் சரிதான். எழுதாமல் இருந்த காலத்தில் நமக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. ஆகவே இப்போது ஆறாம் பிரிவு இப்படி: வாசலிலிருந்து கேக் வெட்டி முடியும் வரை சேதம் எங்கே நடந்தாலும் ஆளுக்குப் பாதி. வாடகைக்கு மேல் யாரும் யாரிடமும் கேட்க முடியாது. பாதையையும் மேசையையும் சேர்த்து இரண்டு பேர் பெயரிலும் ஒரே இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவதாக ஜீவராஜ் சொல்கிறார். ஒரே குடை, நடுவில் இடைவெளி இல்லை. நான் முன் சீட்டில் வருவேன், அது ஏழாம் பிரிவு. கொள்ளுப்பிட்டியிலும் தெஹிவளையிலும் வேனை நிறுத்த வேண்டும், நான் இறங்கிப் பின்னால் பார்ப்பேன். கடற்கொள்ளையரை எடுத்துவிடச் சொன்னேன். நானாவுக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று மெல்ரோய் விட்டுவிட்டான்.

பன்னிரண்டு வருடம் நீங்கள் எனக்காகத் திரும்பி நின்றதை நினைத்து நேற்று நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். உதடு முணுமுணுத்ததும் உண்மைதான். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேர்ணடெற்

வெள்ளவத்தை
03.10.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதினோராம் பிரிவின்படி எழுத்தில் அறிவித்தல் தருகிறேன்.

படிவத்தை இன்று காலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நீங்கள் பாதி விட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த கோட்டில் முக்கால்வாசி உங்கள் பெயர்தான் இருந்தது. மீதிக் கால்வாசியில் 'ஸவா' வரை வந்தது, 'ஹிர்' கோட்டுக்கு வெளியே போய்விட்டது. துஷாந்தினி மிஸ் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. டிசம்பர்க் கல்யாணம் ஏழும் நம்முடையது.

அடுத்த சனிக்கிழமை, பதினோராம் திகதிக் கல்யாணத்துக்கு, பிற்பகல் ஒன்றரைக்கு உங்கள் வாசலுக்கு வருகிறேன். முன் சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஜெஸீமா அதில் ஒரு தலையணை போட்டிருக்கிறாள். நீங்கள் பின்னால் இருந்து தகரத்தில் தட்டிய சத்தம் எனக்கு இல்லாமல் முடியாது. ஆகவே முன்னால் இருந்தே டாஷ்போர்டில் தட்டிக் கத்துங்கள். அதற்கு இன்ஷூரன்ஸ் தடை சொல்லாது.

ஸ்பானரை மறக்க வேண்டாம். மண்டபத்து வாசலில் நீங்கள் குனியும்போது இனி நான் திரும்பி நிற்க மாட்டேன். பக்கத்தில் நின்று டோர்ச் பிடிக்கிறேன். நீங்கள் நட்டைத் திருப்புங்கள். துஆவை நான் கேட்கிறேன்.

ஸவாஹிர்